குளிர் அறை வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

திண்டுக்கல், தேனிப் பக்கம் வியாபாரிகளும் விவசாயிகளும் வைத்திருக்கும் சின்னக் குளிர் அறைகளைச் சரிபார்ப்பது என் தொழில். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி, நிலக்கோட்டையில் பூ, கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை என்று சரக்குதான் மாறுகிறது, கேள்விகள் மாறுவதில்லை. போனில் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வதைவிட எழுதி வைத்துவிட்டால் நாலு பேருக்கு உதவும் என்று எழுதியிருக்கிறேன். இரண்டு டன் முதல் இருபது டன் வரை சரக்கு பிடிக்கும் அறைகளுக்கு இது பொருந்தும். அம்மோனியாவில் ஓடும் பெரிய கிடங்குகளுக்குப் பொருந்தாது. அங்கே வேலையும் வேறு, ஆபத்தும் வேறு.

"குளிர் அறைன்னா பெரிய ஃபிரிட்ஜ்தானேண்ணே? வீட்டு ஃபிரிட்ஜுக்கு யாரு பராமரிப்பு பாக்குறா?"

வீட்டு ஃபிரிட்ஜில் ஒரு நாளைக்கு நாலு கிலோ சாமான் வைப்போம். குளிர் அறையில் வெயிலில் பறித்த ஒரு டன் தக்காளியை ஒரே மூச்சில் ஏற்றுவோம். வெந்நீரைக் கொண்டுபோய் வைப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 35 டிகிரி சூட்டில் இருக்கும் ஒரு டன் காய்கறியை 5 டிகிரிக்கு இறக்க ஏறக்குறைய 28,000 கிலோ கலோரி வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும். ஒரு டன் திறனுள்ள மிஷின் (இந்த டன் சரக்கின் எடை இல்லை, ஏசிக்குச் சொல்வது போலக் குளிரூட்டும் அளவு) மணிக்கு 3,024 கிலோ கலோரிதான் எடுக்கும். அந்த ஒரு லோடுக்கே ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். இதற்கு மேல் கதவு திறக்கும்போது நுழையும் வெக்கை, பறித்த பின்னும் மூச்சுவிடும் காய் தானே உண்டாக்கும் சூடு, உள்ளே வேலை பார்க்கும் ஆட்களின் உடம்புச் சூடு எல்லாம் இருக்கிறது.

மிஷின் வெப்பத்தை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. அறைக்குள் இருக்கும் காயில் வெப்பத்தை வாங்கும், வெளியே இருக்கும் கண்டென்சர் அதைக் காற்றில் விடும். இந்த இரண்டு இடத்திலும் காற்று தாராளமாகப் போய்வந்தால் பாதிப் பராமரிப்பு முடிந்தது. நான் பார்க்கப் போகும் பழுதுகளில் பெரும்பாலானவை காற்று அடைபட்டதால் வந்தவைதான்.

"வருஷா வருஷம் கேஸ் போடணுமாமே?"

வேண்டாம். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீருவதில்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ் சுற்றிச் சுற்றி வருகிறது. முதல் நாள் எடை போட்டு ஏற்றிய கேஸ் பத்து வருடம் கழித்தும் அப்படியே இருக்க வேண்டும். குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது. ஒழுகலைக் கண்டுபிடிக்காமல் கேஸ் மட்டும் ஏற்றுவது, ஓட்டை வாளியில் தண்ணீர் பிடிப்பதுதான்.

ஒரு காய்கறி வியாபாரி நாலு வருடமாகச் சித்திரை பிறந்ததும் கேஸ் போட்டுக்கொண்டிருந்தார். போய்ப் பார்த்தபோது கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசர் பக்கத்தில், குழாயை இணைக்கும் ஒரு ஃப்ளேர் நட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு, அதில் தூசி அப்பியிருந்தது. கேஸ் கசியும் இடத்தில் எண்ணெயும் சேர்ந்து கசியும், அதுதான் அடையாளம். சோப்பு நுரை வைத்ததும் கொப்புளம் கிளம்பியது. அதிர்வில் நட்டு தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். நாலு வருடக் கேஸ் காசில் அவர் ஒரு புது ஃபேன் மோட்டாரே வாங்கியிருக்கலாம்.

கேஸ் குறைவாக ஓடுவதால் வரும் பெரிய நஷ்டம் வேறு. சின்னக் குளிர் அறைகளில் பெரும்பாலும் இருக்கும் மூடிய கம்ப்ரசர்களுக்குள் இருக்கும் மோட்டாரைக் குளிர்விப்பதே திரும்பி வரும் கேஸ்தான். அது குறைந்தால் மோட்டார் சூட்டிலேயே கருகும். அதனால் "கேஸ் கம்மி" என்று யாராவது சொன்னால் "எங்கே ஒழுகுது, காட்டுங்க" என்று கேளுங்கள். ஒழுகலை அடைத்து, நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் நிற்கிறதா என்று பார்த்து, வேக்குவம் போட்டு (குழாயில் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்து), பிறகு தராசில் எடை போட்டு ஏற்றுவதுதான் முறை.

"நானே பாக்கலாம்னா எதெதைப் பாக்கலாம்?"

நிறையவே பார்க்கலாம். முதலில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி அறைக்கதவு பக்கத்தில் தொங்கவிடுங்கள். காலை, மாலை இரு வேளையும் டிஸ்பிளேயில் காட்டும் வெப்பநிலை, உள்ளே தனியாக மாட்டிய தெர்மாமீட்டர் காட்டும் அளவு, வோல்டேஜ் மீட்டர் காட்டும் அளவு மூன்றையும் எழுதுங்கள். அன்றைக்கு என்ன சரக்கு, எவ்வளவு ஏற்றினீர்கள் என்று ஒரு வரி. போதும். மிஷின் ஒரே நாளில் கெடுவதில்லை. இரவில் 4 டிகிரிக்கு வந்துகொண்டிருந்த அறை இரண்டு வாரமாக 6-க்குத்தான் வருகிறது என்பது நோட்டில் தெரியும், ஞாபகத்தில் தெரியாது. நான் வந்தாலும் முதலில் நோட்டைத்தான் கேட்பேன்.

வாரம் ஒருமுறை கதவு ரப்பரைத் துடையுங்கள், உள் காயிலில் பனி எப்படிப் படிந்திருக்கிறது என்று பாருங்கள், ஃபேன்கள் எல்லாம் சுற்றுகின்றனவா என்று பாருங்கள். மாதம் ஒருமுறை கண்டென்சரைச் சுத்தம் செய்து, டிரெயின் குழாயில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். மின் பெட்டியைத் திறப்பது, கேஸ் குழாயில் அழுத்தம் பார்க்கும் கேஜ் மாட்டுவது, கன்ட்ரோலரின் செட்டிங்கை மாற்றுவது மூன்றும் மெக்கானிக் வேலை. அவரை வருடத்துக்கு இரண்டு முறையாவது கூப்பிடுங்கள். ஒருமுறை கோடைக்கு முன்னால், மாசி மாதத்திலேயே. மே மாதம் கூப்பிட்டால் யாரும் கிடைக்க மாட்டோம்.

"கண்டென்சரைப் பிரஷர் வாஷர் வச்சு அடிச்சா சீக்கிரம் முடிஞ்சிரும்ல?"

முடிந்துவிடும், கண்டென்சரின் ஆயுளும் சேர்ந்து. அதன் அலுமினியத் தகடுகள் காகிதம் போல மெல்லியவை. வேகமாகத் தண்ணீர் பட்டால் மடங்கிவிடும், மடங்கிய இடத்தில் காற்று போகாது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, மிருதுவான பிரஷால் தகடு நிற்கும் திசையிலேயே மேலிருந்து கீழாகத் தள்ளுங்கள். பிறகு சாதாரண ஹோஸ் தண்ணீரை ஃபேன் இருக்கும் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக அடியுங்கள். அழுக்கு வந்த வழியே திரும்பிப் போக வேண்டும். வெளியிலிருந்து அடித்தால் நடுவில் போய்ச் சிக்கும். ஃபேன் மோட்டாரையும் மின் பெட்டியையும் பிளாஸ்டிக் பையால் மூடிவிட்டுச் செய்யுங்கள். ஆசிட் வேண்டாம், சலவைச் சோடாவும் வேண்டாம். இரண்டுமே அலுமினியத்தைத் தின்னும்.

மண்டிகளில் மாதம் ஒருமுறை போதாது. வெங்காயச் சருகு கண்டென்சர் முகத்தில் போர்வை போல ஒட்டிக்கொள்ளும், நாலு நாளில் மூடிவிடும். வாரம் ஒருமுறை உலர்ந்த பிரஷால் தட்டிவிட வேண்டும். வெளியே 40 டிகிரி வெயில் என்றால் சுத்தமான கண்டென்சரில் கேஸ் 52, 53 டிகிரியில் திரவமாகும். அழுக்கானால் அது 60-ஐத் தாண்டும். ஒவ்வொரு டிகிரிக்கும் மின்சாரம் இரண்டு, மூன்று சதவீதம் கூடும். கரண்ட் பில்லைப் பார்த்து வருத்தப்படுகிறவர்களை நான் முதலில் அழைத்துப்போய்க் காட்டுவது கண்டென்சரைத்தான்.

இன்னொன்று, கண்டென்சரைச் சுற்றிக் காலி டிரேக்களை அடுக்காதீர்கள். விட்ட சூட்டுக் காற்றையே அது திரும்ப இழுத்தால் எவ்வளவு கழுவினாலும் பயனில்லை.

"உள்ளே காயில்ல ஐஸ் கட்டுது. கேஸ் கம்மியா இருக்குமோ?"

எங்கே கட்டியிருக்கிறது என்று பாருங்கள், பதில் அங்கேயே இருக்கிறது. காயில் முழுக்க மெல்லிய வெண்பனி படிந்திருந்தால் அது இயல்பு, அடுத்த டீஃப்ராஸ்டில் (மிஷின் தானே பனியை உருக்கும் நேரத்தில்) போய்விடும். கேஸ் நுழையும் முனையில் மட்டும் பனி, மிச்சமெல்லாம் உலர்ந்து வெறுமையாக இருந்தால் கேஸ் குறைந்திருக்கலாம், அல்லது குழாயில் ஈரத்தை உறிஞ்சும் டிரையரோ, காயிலுக்குள் கேஸை அளந்து விடும் எக்ஸ்பேன்ஷன் வால்வோ அடைத்திருக்கலாம். காயில் முழுவதும் கெட்டியாக, தகடே தெரியாமல் ஐஸ் மூடியிருந்தால் கேஸைச் சந்தேகிக்காதீர்கள். டீஃப்ராஸ்ட் நடக்கவில்லை, ஃபேன் சுற்றவில்லை, இல்லாவிட்டால் கதவு வழியாக ஈரக்காற்று வந்துகொண்டே இருக்கிறது.

4, 5 டிகிரிக்கு மேல் ஓடும் அறையில் டீஃப்ராஸ்டுக்கு ஹீட்டர் தேவையில்லை. கம்ப்ரசர் நின்று ஃபேன் மட்டும் இருபது, முப்பது நிமிடம் ஓடினால் அறைக்காற்றிலேயே பனி உருகும். அதற்குக் கீழே, திராட்சைக்கு வைப்பது போல 0 டிகிரிப் பக்கம் ஓட்டினால் ஹீட்டர் கட்டாயம் வேண்டும். வாழைக்கு 13-ல் ஓடிய அறையைத் திராட்சைக்காக 0-க்கு இறக்கிவிட்டு "திடீர்னு ஐஸ் கட்டுது" என்று கூப்பிட்டவர்கள் உண்டு. அறையில் பழுதே இல்லை, அந்தக் காயிலில் ஹீட்டர் கிடையாது.

"அந்த ஐஸை ஸ்க்ரூ டிரைவரால கொத்தி எடுத்துட்டா?"

தயவுசெய்து வேண்டாம். ஐஸுக்குப் பின்னால் இருப்பது செப்புக்குழாய். ஒரு குத்து விழுந்தால் மொத்தக் கேஸும் வெளியே போய், ஈரமும் உள்ளே நுழையும். மிஷினை நிறுத்தி, ஃபேனை மட்டும் ஓடவிட்டு, சாதாரணத் தண்ணீரை மக்கில் மொண்டு காயிலில் மெதுவாக ஊற்றுங்கள். ஃபேன் இறக்கையிலும் ஐஸ் பிடித்திருந்தால் மெயினையே அணைத்துவிட்டு ஊற்றுங்கள்.

"தரையில தண்ணி நிக்குது. மிஷின் ஒழுகுதா?"

மிஷினிலிருந்து வருவது காற்றில் இருந்த ஈரம், உருகித் தட்டில் விழுந்த தண்ணீர். அது டிரெயின் குழாய் வழியே வெளியே போகாமல் தரையில் நிற்கிறது என்றால் குழாய் அடைத்திருக்கிறது. மல்லிகை வைக்கும் அறைகளில் இதழும் நாரும் பாசியும் சேர்ந்து கஞ்சி மாதிரி அடைத்திருக்கும். மாதம் ஒரு வாளி தண்ணீர் ஊற்றச் சொன்னது இதற்காகத்தான். வெளியே அந்தக் குழாயில் ஒரு வளைவு வைத்து, அதில் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். வளைவு இல்லாவிட்டால் வெளிக்காற்றும் பூச்சிகளும் குழாய் வழியே உள்ளே வரும்.

குழாய் சரியாக இருந்தும் சுவரோரம் ஈரம் கசிந்தால் சுவராக நிற்கும் பஃப் பேனலின் (உள்ளே குளிர் காக்கும் நுரை அடைத்த பலகை) இணைப்புகளைப் பாருங்கள். சிலிக்கான் விரிந்திருந்தால் உடனே பூசுங்கள். பேனலுக்குள் ஈரம் போனால் அந்த இடத்தில் குளிர் நிற்காது, காயவைக்கவும் முடியாது. எலி இன்னொரு தொல்லை. ஒருமுறை ஓட்டை போட்டால் பஃப் அதற்கு மெத்தை. அடிப்பக்க மூலைகளைத் தகரப் பட்டை வைத்து அடைத்துவிடுங்கள்.

"கதவு ரப்பர் லேசாக் கிழிஞ்சிருக்கு. அடுத்த சீசன்ல மாத்திக்கலாமா?"

அடுத்த வாரம் மாற்றுங்கள். கிழிசல் வழியே நுழைவது வெக்கை மட்டும் இல்லை, ஈரமும்தான். அந்த ஈரம்தான் காயிலில் ஐஸாகிறது. ரப்பர் பிடிக்கிறதா என்று பார்க்கப் பத்து ரூபாய் நோட்டைக் கதவுக்கிடையில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். கொஞ்சம் பிடித்து வர வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே இடைவெளி இருக்கிறது. கதவைச் சுற்றிப் பத்து இடத்திலாவது பாருங்கள். ரப்பரில் மடிப்பு மட்டும் விழுந்திருந்தால் வெந்நீரில் நனைத்த துணியை வைத்து நீவினால் பல சமயம் சரியாகிவிடும்.

பிளாஸ்டிக் திரையை "ஆளுக்கு இடைஞ்சலா இருக்கு" என்று சுருட்டிக் கட்டிவிடுகிறார்கள். லோடு இறக்கும் அரைமணி நேரம் அந்தத் திரை செய்யும் வேலையை மிஷினால் செய்ய முடியாது. அவிழ்த்துவிடுங்கள்.

"உள்ளே ஆள் இருக்கறப்போ கதவு சாத்திக்கிட்டா என்னண்ணே பண்றது?"

உள்ளிருந்து தள்ளித் திறக்கும் பிடி எல்லாக் கதவிலும் இருக்க வேண்டும். வெளியே பூட்டியிருந்தாலும் அது திறக்க வேண்டும். வாரம் ஒருமுறை, ஒருவர் வெளியே நிற்க, மற்றவர் உள்ளே போய்த் திறந்து பாருங்கள். பிடி உடைந்திருந்தால் அதைச் சரி செய்யும் வரை கதவில் பூட்டே போடாதீர்கள். சரக்கு போனால் அடுத்த லோடில் சம்பாதித்துக்கொள்ளலாம்.

பழம் நிறைந்து பல நாள் மூடிக் கிடந்த அறைக்குள் உடனே போகாதீர்கள். பழங்கள் மூச்சுவிட்டுக் கரியமில வாயு தேங்கியிருக்கும். கதவைத் திறந்து வைத்துக் காற்றோட விட்டுப் போங்கள். பழுக்கவைக்கும் அறைக்கு இது இன்னும் முக்கியம்.

"டிஸ்பிளே 4 காட்டுது, ஆனா சரக்கு வாடுது. எப்படி?"

முதலில் டிஸ்பிளே சொல்வது உண்மையா என்று பாருங்கள். ஒரு டம்ளரில் நொறுக்கிய ஐஸை நிரப்பி, கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, சென்சாரை அதில் ஐந்து நிமிடம் வையுங்கள். 0 காட்ட வேண்டும். 2 காட்டினால் உங்கள் அறையின் 4 உண்மையில் 2. சென்சார் இருக்கும் இடமும் முக்கியம். காயில் ஊதும் காற்றுக்கு நேராகத் தொங்கினால், அறையின் மூலையில் 8 டிகிரி இருந்தாலும் அது 4 என்றுதான் சொல்லும். சுவருக்கும் சரக்குக்கும் நடுவே ஒரு சாண், மேலே காயில் உயரத்துக்குக் கீழே ஒரு முழம் விட்டு அடுக்கினால்தான் காற்று சுற்றும்.

அளவு சரியாக இருந்தும் வாடினால் காற்றில் ஈரப்பதம் போதவில்லை. திராட்சைக்கு 90 முதல் 95 சதவீதம், கேரட்டுக்கு 95-க்கும் மேல் வேண்டும். சின்னக் காயில் போட்ட அறைகளில் காயில் மிகவும் குளிர்ந்து, காற்றில் இருக்கும் ஈரத்தையெல்லாம் பனியாக உறிஞ்சிவிடும். கட்டும்போதே பெரிய காயிலாகக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். இப்போதைக்குத் தரையைக் கழுவி ஈரமாக வையுங்கள், சுத்தமான ஈரச்சாக்கு தொங்கவிடுங்கள், ஃபேனுக்கு நேரே இருக்கும் சரக்கை மூடுங்கள். வெங்காயம், பூண்டு வைத்திருப்பவர்கள் இதைச் செய்ய வேண்டாம். அவற்றுக்கு 70 சதவீதத்துக்குள் வறண்ட காற்றுதான் வேண்டும், ஈரம் பட்டால் முளைக்கும், அழுகும்.

"இடம் இருக்குன்னு வாழை, மாம்பழம், திராட்சை, கீரை எல்லாத்தையும் ஒண்ணா வச்சுட்டேன். வாழைத்தோல் கறுத்துப்போச்சு. மிஷின் கோளாறா?"

மிஷின் சொன்னதைச் செய்திருக்கிறது. வாழை 13 டிகிரிக்குக் கீழே போனால் தோல் கறுக்கும், பிறகு சரியாகப் பழுக்காது. மாம்பழத்துக்கும் 12, 13 தான் எல்லை. திராட்சைக்கு 0. இந்த மூன்றுக்கும் பொதுவான ஒரு டிகிரி கிடையாது. பழுக்கும் பழம் எத்திலீன் என்ற வாயுவையும் விடும். அது பட்டால் கீரை மஞ்சளாகும், கேரட் கசக்கும். ஒரே அறைதான் இருக்கிறது என்றால் ஒரே குடும்பச் சரக்காக வையுங்கள்.

"மிஷின் நிக்காமலே ஓடுது. வெட்டி வச்ச மாதிரி 9 டிகிரிலயே நிக்குது."

புது லோடு ஏற்றிய அன்றைக்கா என்று நோட்டைப் பாருங்கள். முதல் கேள்வியில் போட்ட கணக்குப்படி பல மணி நேரம் ஓடத்தான் செய்யும். ஒரு நாளில் 16 முதல் 18 மணி நேரம் ஓடும்படிதான் அளவு பார்த்து மிஷின் போடுவார்கள். அதிகாலையில் பறித்து, நிழலில் ஆறவைத்து ஏற்றினால் மிஷினுக்குப் பாதிப் பாரம் குறையும். இது காசில்லாத பராமரிப்பு.

லோடே ஏற்றாத நாளிலும் நிற்கவில்லை என்றால் கண்டென்சர், உள் காயில் ஐஸ், கதவு ரப்பர் என்ற வரிசையில் பாருங்கள். மூன்றும் சரி என்ற பிறகுதான் கேஸைப் பற்றிப் பேச வேண்டும். ஒன்றை மட்டும் கூடுதலாகக் கேளுங்கள்: பக்கத்தில் மின்வாரிய ஆட்கள் சமீபத்தில் லைன் வேலை பார்த்தார்களா? மூன்று ஃபேஸில் இரண்டு இடம் மாறிவிட்டால் ஸ்க்ரோல் கம்ப்ரசர் தலைகீழாகச் சுற்றும். வழக்கத்துக்கு மாறாகக் கரகரவென்று சத்தம் வரும், குளிர் வராது. உடனே நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஃபேஸ் வரிசை பார்க்கும் ரிலே ஒன்று போட்டுவிட்டால் இந்தக் கவலை இல்லை.

"கரண்ட் போனா எவ்வளவு நேரம் தாங்கும்?"

கதவைத் திறக்காதவரை, ஏற்கெனவே குளிர்ந்த சரக்கு நிறைந்திருக்கும் அறை பல மணி நேரம் தாங்கும். காலி அறை சீக்கிரம் சூடேறும். "எப்படி இருக்குன்னு பாப்போம்" என்று அரைமணிக்கு ஒருதரம் திறப்பதுதான் கெடுக்கிறது. வெகுநேரம் வராது என்று தெரிந்தால் ஐஸ் கட்டி வாங்கி ஃபேன் பக்கத்தில் தட்டுகளில் வையுங்கள். ஒரு கிலோ ஐஸ் உருக 80 கிலோ கலோரி இழுக்கும். 100 கிலோ வைத்தால் ஒரு டன் மிஷின் இரண்டரை மணி நேரம் ஓடியதற்குச் சமம்.

கரண்ட் திரும்பி வரும் நேரம்தான் ஆபத்து. கம்ப்ரசர் மூன்று முதல் ஐந்து நிமிடம் பொறுத்துத்தான் கிளம்ப வேண்டும், அதற்கு டைமர் இருக்கிறதா என்று பாருங்கள். சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டர் (ஒரு ஃபேஸ் போனாலே மிஷினை நிறுத்தும் கருவி) இல்லாத மூன்று ஃபேஸ் மிஷினை நான் ஓட்டவே விடமாட்டேன்.

"திராட்சை முடிஞ்சிருச்சு. ரெண்டு மாசம் பூட்டிப் போடலாமா?"

போடலாம், கழுவிக் காயவைத்துவிட்டு. கதவை ஒரு கையளவு திறந்தே வையுங்கள், வலை கட்டிக்கொள்ளுங்கள். இறுக மூடினால் பூசணம் பிடித்து அந்த வாடை அடுத்த சரக்கிலும் ஏறும். மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கேஸை ரிசீவரில் (திரவமான கேஸ் நிற்கும் தொட்டியில்) அடைத்து வைக்கச் சொல்லுங்கள். திரும்ப ஓட்டும் முன் ஒரு முழு நாள் மெயினைப் போட்டு, கம்ப்ரசர் அடியில் இருக்கும் ஹீட்டரைச் சூடாக விடுங்கள். நின்ற காலத்தில் கேஸ் எண்ணெயோடு கலந்திருக்கும், அப்படியே ஓட்டினால் எண்ணெய் நுரைத்துப் பேரிங் தேயும். கம்ப்ரசருக்குக் கரண்ட் விடும் சுவிட்சான கான்டாக்டருக்குள் எறும்பும் பல்லியும் குடியேறியிருக்கும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

"என்னோடது பழைய ஆர்22 மிஷின். அந்தக் கேஸே இனி வராதாமே?"

ஓசோன் படலத்தைக் காக்க நாடுகள் போட்ட மான்ட்ரியல் ஒப்பந்தப்படி ஆர்22 படிப்படியாகக் குறைக்கப்படுகிறது. இந்தியாவில் 2025 முதல் அதை வைத்துப் புது மிஷின் தயாரிப்பது இல்லை. பழைய மிஷின்களின் சர்வீஸுக்கு இன்னும் கிடைக்கும், ஆனால் வருடா வருடம் குறையும், விலை ஏறும். ஒழுகாத மிஷினை இதற்காகத் தூக்கிப் போட வேண்டாம். ஒழுகுகிற மிஷின் என்றால் யோசியுங்கள்.

ஆர்22 இருக்கும் குழாயில் வேறு கேஸைக் கலக்க யாரையும் விடாதீர்கள். "ஆர்290 போடலாம், விலை கம்மி, நல்லா கூலிங் வரும்" என்று சொல்பவர்களும் உண்டு. அது புரோப்பேன், தீப்பிடிக்கும். அதற்கென்றே செய்த மிஷினில் நல்ல கேஸ்தான். பழைய மிஷினின் சுவிட்சும் ரிலேயும் தீப்பொறி விடும், அதில் ஏற்றக்கூடாது. புதிதாக வாங்கினால் ஆர்404ஏ பற்றியும் விசாரித்து வாங்குங்கள். பூமியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவைப்போல 3,900 மடங்கு. அதே ஒப்பந்தத்தின் கிகாலி திருத்தப்படி இந்த வகைக் கேஸ்களையும் இந்தியா 2032 முதல் குறைக்க வேண்டும்.

"கம்ப்ரசர் எரிஞ்சு புதுசு போட்டேன். ஆறு மாசத்துல அதுவும் எரிஞ்சுபோச்சு. கம்பெனி சரியில்லையா?"

கம்ப்ரசர் தானாகச் சாவது குறைவு, பெரும்பாலும் ஏதோ ஒன்று அதைக் கொன்றிருக்கிறது. முதல் கம்ப்ரசரைக் கொன்றது எது என்று பார்க்காமல் இரண்டாவதைப் போட்டால் அதுவும் அதே கைக்குத்தான் போகும். மேலே சொன்னவற்றில் தேடுங்கள்: குறைந்த கேஸ், மூடிய கண்டென்சர், ஃபேஸ் போன கரண்ட், கான்டாக்டரில் பள்ளம் விழுந்த பாயின்ட்.

இன்னொரு காரணம் கண்ணுக்குத் தெரியாது. மோட்டார் எரியும்போது எண்ணெயும் கேஸும் சிதைந்து அமிலமாகி, குழாய் முழுக்கப் பரவி நிற்கும். புதுக் கம்ப்ரசரை மட்டும் மாட்டினால் அந்த அமிலம் நாலைந்து மாதத்தில் புது மோட்டாரின் வயர் பூச்சை அரித்துவிடும். அதனால் எரிந்த கம்ப்ரசரின் எண்ணெயை அமிலச் சோதனை செய்து, குழாயை நைட்ரஜனால் ஊதிச் சுத்தம் செய்து, திரவக் குழாய் டிரையரை மாற்றி, திரும்பி வரும் குழாயிலும் அமிலம் உறிஞ்சும் டிரையர் ஒன்று போட வேண்டும். சில நாள் ஓட்டி மறுபடி எண்ணெயைச் சோதித்து, அமிலம் இருந்தால் டிரையரைத் திரும்ப மாற்ற வேண்டும்.

பற்றவைக்கும்போது குழாய்க்குள் நைட்ரஜன் ஓட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே செம்பு சூட்டில் கறுத்துச் செதிலாக உரிந்து வால்வை அடைக்கும். புதுக் கம்ப்ரசரின் ரப்பர் மூடிகளைக் கழற்றிவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது. இப்போதைய கேஸ்களுக்கான எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தைப் பஞ்சு போல இழுக்கும். உங்கள் மெக்கானிக் இதையெல்லாம் செய்ய ஒரு முழு நாள் கேட்டால் கொடுங்கள், அந்த ஒரு நாளைக்குச் சரக்கைப் பக்கத்து அறைக்காரரிடம் மாற்றி வையுங்கள்.